வாசிக்கிறவள்

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகள் எதற்கு அழுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு ஞாபகம் என்பார்கள், விடுதிச் சாப்பாடு என்பார்கள், செத்த உடம்பை முதல் தடவை பார்த்த பயம் என்பார்கள். நம்ம பெண் இந்த மூன்றுக்கும் கண்ணைக் கசக்கவில்லை. அவள் அழுததெல்லாம் ஒரு பையனால். உடனே காதல் கீதல் என்று போய்விட வேண்டாம். அவனைப் பார்த்தாலே அவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மா வீட்டிலேயே தையல். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை, கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை நின்றே பார்க்கிற வேலை. அந்த வீட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் இவள்தான். அப்பா வாங்கி வந்த வெள்ளைக் கோட்டு ஒரு சுற்று பெரிதாக இருந்தது. "வளர்ற பொண்ணு, இருக்கட்டும்" என்றார். "இனிமே எங்கப்பா வளர்றது, அகலத்துலயா?" என்று அக்கா கேட்டாள். அம்மா கோட்டின் கையை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை. கூட இருந்த பெண் முதல் மாதமே "எனக்கு இந்தப் படிப்பு ஒத்துக்காது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எதிர்க்கட்டிலில் வெறும் மெத்தைதான். பேச ஆள் இல்லை, காலையில் எழுப்பவும் ஆள் இல்லை. தலைக்கு எத்தனை தடவை குளித்தாலும், செத்த உடம்பைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் மருந்து வாடை போகாது. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் இழுத்தால் கையிலிருந்து அதே வாடை. "எல்லாம் பழகிடுச்சுக்கா" என்று போனில் சொல்வாள். உண்மையாகவே பழகியும்விட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான், அதற்குத்தான் வருகிறேன்.

உடற்கூறு ஹாலில் வரிசையாக எஃகு மேசைகள். மேசைக்கு ஓர் உடம்பு, நாலு பிள்ளைகள். வலப்பக்கம் இரண்டு பேர், இடப்பக்கம் இரண்டு பேர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் வாசிப்பார். எந்த இடத்தில் தோலைக் கீறணும், எதை விலக்கணும், எதைத் தொடவே கூடாது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிற தடிமனான செய்முறைப் புத்தகம் ஒன்று உண்டு; வாசிக்கிறது அதைத்தான். அந்தப் புத்தகம் ஹாலை விட்டு வெளியே போகாது. கொழுப்பும் மருந்துத் தண்ணியும் ஊறின புத்தகத்தை எவன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் வைத்துக்கொள்வான்?

ஹாலுக்குப் பேராசிரியர் மேடம்தான் சட்டம். அவருடைய முதல் சட்டம் இது: "வெட்டுறவங்க கண்ணு உடம்பை விட்டு எழக்கூடாது. வாசிக்கிறவங்க கண்ணு புத்தகத்தை விட்டு எழக்கூடாது." வெட்டுகிறவர் கழுத்தை நீட்டிப் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டால் போச்சு, அங்கேயே கையுறையைக் கழற்றச் சொல்லிவிடுவார். "பக்கத்துல நிக்கிறவங்க வாயை நம்பாதவங்க நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல யாரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பார்.

நம்ம பெண்ணுக்கு ஜோடியாக வாய்த்தவன்தான் கைராசி. அவனுடைய அப்பா பெரிய அறுவை மருத்துவர், இதே கல்லூரியில் படித்தவர். அவர் முதல் வருஷத்தில் வெட்டிய ஒரு கை இன்றைக்கும் கல்லூரி அருங்காட்சியறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அடியில் அவர் பெயரோடு. பையன் வந்து கத்தியைப் பிடித்த அழகைப் பார்த்து மேடமே "அப்பன் கைராசி அப்படியே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பேர். சும்மா சொல்லக் கூடாது, கை நல்ல கைதான். தலைதான் திமிர் பிடித்த தலை. புத்தகத்தை ஒரு நாள் புரட்டியது கிடையாது. "நீ வாசி, நான் பாத்துக்கறேன்" என்பான். முறை வைத்து மாறி மாறி வெட்ட வேண்டும் என்பது வழக்கம். இவள் முறை வரும்போதெல்லாம் "இரு, இதை மட்டும் முடிச்சிடறேன்" என்பான். அந்த "இதை மட்டும்" முடிந்ததே இல்லை.

மேசையின் இடப்பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒன்றை விட்டு ஒன்று வெளியே வராததால் அவர்களுக்கு ஜோடிச் செருப்பு என்று பேர். நல்ல பிள்ளைகள்தான். எதிலும் தலையிடாத நல்ல பிள்ளைகள். அந்த நல்லதனத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு முழங்கை. எதிலாவது முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் போகிறது. "நரம்பைத் தேடிப் பத்திரப்படுத்தவும்" என்று இவள் வாசித்தாள், இரண்டு தடவை வாசித்தாள். கைராசி பக்கத்து மேசைப் பையனோடு ஏதோ பந்தய விஷயம் பேசிக்கொண்டே கத்தரிக்கோலை உள்ளே விட்டு ஒரு வெட்டு வெட்டினான். தடித்த வெள்ளைக் கயிறு மாதிரி இருந்த நரம்பு இரண்டாய்ப் போயிற்று. அவன் அதைப் பார்த்தான். மேடம் எங்கே என்று பார்த்தான். மேடம் அடுத்த மேசையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் பிடி" என்று கத்தரிக்கோலை இவள் கையில் திணித்தான். இவளும், புத்தி கெட்டவள், பிடித்துக்கொண்டாள்.

"யார் வெட்டினது?" என்றார் மேடம்.

"தானும் ஒரு தடவை பண்ணிப் பாக்கணும்னு ஆசைப்பட்டா மேடம். பாவம், நான்தான் குடுத்தேன். என்னைத் திட்டுங்க" என்றான் கைராசி.

அந்தப் "பாவம்" இருக்கிறதே, அதுதான் அவளைக் கொன்றது. பழியையும் போட்டுவிட்டுப் பெருந்தன்மையையும் அவனே எடுத்துக்கொண்டான். "நான் இல்ல மேடம், அவன்தான்" என்றாள். கத்தரிக்கோல் இவள் கையில் இருக்கிறது, யார் நம்புவார்கள்? ஜோடிச் செருப்பு இரண்டும் எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்தவைதான். இரண்டும் பெரியவருடைய இடது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவர் என்பது மேசையில் படுத்திருந்தவர். செத்த பிறகு என் உடம்பைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போன மனுஷன்.

"செஞ்சதும் இல்லாம பொய் வேறயா?" என்றார் மேடம். "இனிமே நான் சொல்ற வரைக்கும் நீ கத்தியைத் தொடக்கூடாது. வாசி, அது போதும்."

அவ்வளவுதான், ஹால் முழுக்கப் பரவிவிட்டது. கேண்டீனில் இவள் தட்டை எடுத்துக்கொண்டு போனால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டுவார்கள். பேரும் வைத்தாயிற்று, கத்தரி. படிக்கட்டில், நூலகத்தில், விடுதிக் குளியலறை வரிசையில், "கத்தரி வருது, பைப்பைப் பத்திரமா பாத்துக்கோ" என்பார்கள். சொல்கிறவர்களுக்குச் சிரிப்பு. இவள் அறைக்குப் போய், வெறும் மெத்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

பேர் போனால் போகட்டும். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் கையால் வெட்டிக் காட்டினால்தான் தேர்ச்சி. கத்தியே தொடாதவள் எதை வெட்டிக் காட்டுவாள்? தேறாவிட்டால் அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளோடு முதலிலிருந்து நிற்க வேண்டும். ஊரெல்லாம் "டாக்டரோட அப்பா" என்று கூப்பிடச் சொல்லிக்கொண்டு திரிகிற வேன்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? மேடம் அறைக்கு இரண்டு முறை போய்க் கேட்டாள். "பாக்கலாம்" என்ற ஒரே பதில்தான்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்டி" என்றாள் அக்கா போனில்.

"எனக்குப் பூமி வேணாம்க்கா. கத்திதான் வேணும்."

"எதுக்கு, அவனைக் குத்தவா?"

"ஆமா" என்றாள் இவள். அக்கா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் அவள் கறுவிய கறுவல் கொஞ்சமா நஞ்சமா! அவன் கோட்டில் மையைக் கொட்டலாமா, அவன் செருப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, சீ, இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்று தள்ளிவிட்டாள். அவனை அடித்தால் கையில் அடிக்க வேண்டும். ஊரே மெச்சுகிற அந்தக் கையை ஊரே பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கு வழி தெரியவில்லை. வழி தெரியாமலே தினமும் நின்று, தினமும் அவனுக்கு வாசித்தாள்.

ஒன்று மட்டும் செய்தாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஹாலுக்குப் போய், அன்றைக்கு வெட்டப்போகிற பக்கங்களை மனப்பாடம் ஆகிற வரை படித்துவிடுவாள். கத்தி இல்லாவிட்டால் என்ன, மண்டையில் ஏற்றி வைப்போம் என்று. புலி பதுங்குகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். புலியாவது ஒன்றாவது, அவள் பாவம் பதுங்க இடமில்லாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

வருஷம் முடியப்போகிற சமயத்தில் முகத்துக்கு வந்தார்கள். முகம் வெட்டுவது என்றால் ஹாலுக்கே ஒரு பரபரப்பு. அந்த வருஷத்தில் மிக நன்றாக வெட்டிய முகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வெட்டியவர் பெயரை எழுதி, அருங்காட்சியறையில் வைப்பது வழக்கம். கைராசி வந்த நாளிலிருந்தே அப்பாவுடைய பெட்டிக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்து வைத்திருந்தான். "அது என்னோடது" என்று சொல்லியும் விட்டான். மேடமும் "உன்னை நம்பித்தான் இருக்கேன், சாயங்காலம் எல்லாரையும் கூட்டிட்டு வந்து உன் மேசையிலதான் முக நரம்பைக் காட்டப் போறேன்" என்றார்.

அன்று காலை நம்ம பெண் வழக்கம் போல் வந்து பக்கத்தைத் திருப்பினாள். காதுக்கு முன்னால், கன்னத்தில், ஓர் எச்சில் சுரப்பி இருக்கிறது. முகத்தை அசைக்கிற நரம்பு அதற்குள்ளே புகுந்து, விரல்களை விரித்த மாதிரி கிளைகிளையாகப் பிரிகிறது. சிரிப்பது, முழிப்பது, உதட்டைச் சுழிப்பது எல்லாம் அந்தக் கிளைகள் உபயம். புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: "சுரப்பியை மொத்தமாக எடுக்க வேண்டாம், நரம்பின் கிளைகள் அதற்குள் ஓடுகின்றன, துணுக்குத் துணுக்காக நீக்கவும்." அதற்கு முந்தைய வரி சுரப்பியைச் சுற்றியுள்ள உறையை விலக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த வரி, "சுரப்பியை நீக்கியதும் அடியில் தாடைத் தசை தெரியும்" என்கிறது. நடு வரியை எடுத்துவிட்டால் முன்னும் பின்னும் எவ்வளவு அழகாக ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அவளுக்குக் கை கால் எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. பயம் இல்லை, சந்தோஷம்.

கைராசி வந்தான், கையுறை மாட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பார்க்க வந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஜோடிச் செருப்பு இன்னும் கழுத்தைத் தாண்டவில்லை. அவர்கள் பாட்டுக்கு அவர்கள் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசி" என்றான்.

வாசித்தாள். தோலைக் கீறுவது, மடிப்பது, உறையை விலக்குவது. குரலில் ஒரு பிசிறு இல்லை. "சுரப்பியை நீக்கியதும் அடியில் தாடைத் தசை தெரியும்" என்று வாசித்து நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா? ஒரே நிமிஷம்" என்றான் கைராசி. கத்தியைச் சுற்றி ஓட்டினான், இடுக்கியால் பிடித்தான், சுரப்பியை முழுசாகப் பெயர்த்து எடுத்து, பார்த்தவர்களுக்கு உயர்த்திக் காட்டிவிட்டு வாளியில் போட்டான். "சுத்தமா வந்திருக்கு பாரு" என்றான். சுத்தமாகத்தான் வந்திருந்தது. முக நரம்பின் கிளைகள் அத்தனையும் அதோடு சேர்ந்து வாளிக்குப் போயின. அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றாள். மனசுக்குள் யாரோ பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை மாதம் கேட்ட கத்தரிப் பேச்செல்லாம் அந்த வாளிக்குள் விழுந்தது என்று நினைத்தாள்.

சாயங்காலம் மேடம் ஹாலையே கூட்டிக்கொண்டு வந்தார். "எல்லாரும் கிட்ட வாங்க. முக நரம்பு எப்படிப் பிரியுதுன்னு இங்க பாத்தாதான் உங்களுக்குப் புரியும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். தசை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"நரம்பு எங்கப்பா?"

கைராசிக்கு அப்போதுதான் விளங்கியது. "மேடம், சுரப்பியை எடுக்கணும்னு புத்தகத்துல..."

"மொத்தமாவா எடுக்கச் சொல்லியிருக்கு?" மேடம் புத்தகத்தை வாங்கி, அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்த வரியை அவ வாசிக்கவே இல்ல மேடம்" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று.

மேடம் அவனையே பார்த்தார். "முழங்கையைக் கெடுத்ததும் அவ. முகத்தைக் கெடுத்ததும் அவ. கத்தி உன் கையில, தப்பு மட்டும் எப்பவும் அவளோடதா?" பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன் மேடம்."

"நீங்க?" என்று ஜோடிச் செருப்பைக் கேட்டார். அதில் மூத்தது மாதிரி இருப்பவள் "வாசிச்சா மேடம். எங்க காதுல விழுந்துது" என்றாள். கூட இருந்தவளும் தலையாட்டினாள். முழங்கைக்குச் சொல்ல வேண்டிய உண்மையை விழுங்கியவர்கள், அந்தக் கடனை முகத்துக்குப் பொய்யாகச் சொல்லித் தீர்த்தார்கள். நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் நம்ம பெண் அவர்கள் இருவரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல நினைத்தாள்.

"கத்தியைக் கீழ வை" என்றார் மேடம் கைராசியிடம். "இனிமே அவ வெட்டட்டும். நீ வாசி. புத்தகம்னு ஒண்ணு இருக்குன்னு உனக்கும் தெரியட்டும்."

அன்றைக்கு அவள் கேண்டீனில் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். யாரும் விரலை ஆட்டவில்லை. "மொத்தக் கொள்முதல் வர்றார், வழி விடு" என்று கைராசியைத்தான் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்தாள். வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

அறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னாள். வரியை விட்டதையும் சொன்னாள்.

"நல்லா வேணும் அவனுக்கு" என்றாள் அக்கா முதலில். அப்புறம் கடையில் யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை என்கிட்ட சொன்னதோட சரி. வேற எவகிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா உன்னை அந்த இடத்துல வச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் இவள்.

கைராசி சண்டைக்கு வரவில்லை. அழவும் இல்லை, அப்பாவைக் கூட்டி வரவும் இல்லை. கை கழுவுகிற தொட்டியில் ஒரு நாள் பக்கத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இனிமே வாசிக்கிறது நான்தானே. பாத்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இவளும் விட்டுக்கொடுக்காமல், "நல்லா சத்தமா வாசி" என்றாள்.

பின்னே என்ன, அவள் முட்டாளா? விடியற்காலையிலேயே போய் அன்றைய பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டாள். அவன் வாசிப்பது பக்கத்தில் ஓடுகிற ரேடியோ மாதிரி. இவள் மனப்பாடத்திலிருந்து வெட்டினாள். தாடை முடிந்தது, நாக்கு முடிந்தது. கை பழகியது. மேடம் ஒரு நாள் நின்று பார்த்து, "இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டார். அன்றைக்கு வேன்காரரும் தையல்காரியும் போனில் மாறி மாறிப் பேசினார்கள்.

பரீட்சை நாள் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வருஷம் முழுக்க வெட்டியதற்கான மதிப்பெண் இருந்தது. கத்தி பிடிக்காமல் மாதங்களைப் போக்கியவளுக்கு அந்த ஒரு நாள்தான். "எந்த இடம்னு இப்பதான் சொல்வேன்" என்றார் மேடம். "படிச்சு ஒப்பிக்கிறவங்களை எனக்குத் தெரியும். வாசிக்கிறதைக் கேட்டு வெட்டத் தெரியுதான்னு பாக்கணும். கண்குழி. மேல இருந்து திற. இதை ஒழுங்காப் பண்ணினா நீ பாஸ். கெடுத்துட்டா அடுத்த வருஷம் புதுசா வர்றவங்களோட நில்லு."

கண்குழி. அன்றன்றைக்கு வெட்டுகிற பக்கங்களை மட்டுமே படித்து வந்தவள் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

கைராசி புத்தகத்தைத் திறந்தான். மேடம் மேசைக்குத் தலைமாட்டில் நின்றார். எதிர்ப்பக்கம் ஜோடிச் செருப்பு. தங்கள் வேலையை முடித்துவிட்டவர்கள் பின்னால் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"கண்குழியின் கூரை மெல்லிய எலும்பு. சிறு உளியால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுக்கவும்" என்று வாசித்தான். குரல் நிதானமாக இருந்தது. அவள் உடைத்தாள். முட்டை ஓடு மாதிரி துண்டு துண்டாக வந்தது. எலும்பில் என்ன பயம், உடைந்தால் உடைவதுதான்.

"எலும்பை எடுத்ததும் அடியில் ஒரு சவ்வு தெரியும். அதை முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் கீறவும்."

கத்தியை எடுத்தாள். சவ்வு தெரிந்தது, மெல்லியதாக, ஈரமாக. அதற்கு அடியில் என்ன இருக்கிறது? நரம்பு ஒட்டிக்கொண்டே ஓடுகிறதா? எவ்வளவு ஆழம் கீறலாம்? இத்தனை மெல்லிய இடத்துக்கு ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லாமலா எழுதியிருப்பான் புத்தகக்காரன்? முழங்கைக்கு எச்சரிக்கை உண்டு, கன்னத்துக்கு உண்டு, கண்ணுக்கு இல்லையா?

"இன்னொரு தடவை வாசி" என்றாள்.

வாசித்தான். அதே வார்த்தைகள், அதே நிதானம். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிசிறு இல்லாததை வைத்து எதையும் நம்ப முடியாது என்று அந்த ஹாலில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

"இன்னொரு தடவை."

"என்னம்மா, காது கேக்கலையா?" என்றார் மேடம்.

"கேக்குது மேடம்."

"அப்ப வெட்டு."

கத்தியைச் சவ்வின் மேல் கொண்டுபோனாள். கீறினால் என்ன ஆகும், கீறாவிட்டால் என்ன ஆகும் என்று மாறி மாறி ஓடியது. அவன் ஒரு வரியை விட்டிருந்தால் இந்த ஒரு கீறலோடு வருஷம் போயிற்று. அவன் விட்டிருப்பான். விடாமல் இருப்பானா? அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் விட்டிருப்பாளே. தொட்டியில் நின்று சொன்னானே, பாத்துக்கலாம் என்று. கையைத் தூக்கினாள், தலையையும் தூக்கினாள்.

"மேடம், புத்தகத்தை ஒரு தடவை நானே பாக்கலாமா?"

வருஷம் முழுக்க அந்த ஹாலில் யாரும் கேட்காத கேள்வி அது.

மேடம் பதில் சொல்வதற்குள் கைராசி புத்தகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து, அவள் கண்ணுக்கு நேராக நீட்டினான். "பாரு" என்றான்.

பார்த்தாள். கூரை மெல்லிய எலும்பு. உளியால் உடைக்கவும். சவ்வு தெரியும். நீளவாக்கில் கீறவும். அவ்வளவுதான் இருந்தது. அவன் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. மேலே தேடினாள், கீழே தேடினாள், பக்கத்தின் ஓரத்தில்கூடத் தேடினாள்.

மேடம் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைராசியைப் பார்த்தார். ஜோடிச் செருப்பைப் பார்த்தார்; அவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடி இவளிடம் திரும்பி வந்தார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"வாசிக்கிறவங்க நடுவுல ஒரு வரியை முழுங்கிடுவாங்கன்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

அவள் மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். கைராசி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த வரியில் விரலை வைத்து, வாசிக்கச் சொல்வார்கள் என்று பொறுமையாக நின்றான்.